பக்கத்து வீட்டுக் கேத்தலும் நான்கு ரவுட்டர்களும்

பொறுமை என்னிடம் மருந்துக்கும் கிடையாது. அப்படிப்பட்ட நான்தான், இணையத்தில் தகவலுக்கு வழி காட்டும் ரவுட்டர் பெட்டிகளுக்கு வரிவரியாகக் கட்டளை எழுதும் வேலையில் வந்து மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்பது சும்மா பேச்சு. உண்மையில் அந்தப் பெட்டிகள் மேல் எனக்குப் பித்து.

அது பிடித்தது மலையகத்து ஹட்டனில், ஒரு கடையின் மேல்மாடி வகுப்பில். மூன்று பழைய ரவுட்டர்களை முக்கோணமாக இணைத்திருந்தார் சார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போய்ப் பதில் வந்துகொண்டிருக்கும்போதே, இரண்டுக்கும் நடுவிலுள்ள நேர் வயரைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். திரையில் ஒரே ஒரு பதில் தவறியது. அடுத்த பதில் மூன்றாவது பெட்டி வழியாகச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டது. கினிகத்தேனையில் மண் சரிந்தால் எங்கள் பஸ் அரைநாள் நிற்கும். இந்தப் பெட்டிகளோ தங்களுக்குள் பேசி, கண் மூடித் திறப்பதற்குள் வேறு வழியைப் பிடித்துவிட்டன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வயரை மாட்டி மாட்டிப் பிடுங்கிப் பார்த்ததில் சார் கடுப்பாகிவிட்டார்.

பிறகு ஹட்டனிலேயே ஒரு கம்பனியில் பயிலுநராகச் சேர்ந்தேன். செய்முறைப் பரீட்சையில் பாஸ் பண்ணினால் வேலை நிரந்தரம். இரண்டு தடவைதான் சந்தர்ப்பம். இரண்டிலும் தவறினால் கொழும்புக்குப் போய் கார்மெண்ட் ஃபாக்டரியில் சேர வேண்டியதுதான் என்று அம்மா முடிவே செய்துவைத்திருந்தார்.

பயிற்சி எல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், விடியற்காலையில். கம்பனி இரவல் தந்த இரண்டு பழைய ரவுட்டர்கள் கட்டிலுக்கடியில் இரைந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கரண்ட் லைன். பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து எடுப்பவர். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலைப் போடுவார். போட்டதும் லைன் தாங்காமல் பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். ரவுட்டரில் எழுதியதைச் சேவ் பண்ணாவிட்டால், கரண்ட் போனதும் அது அத்தனையையும் மறந்துவிடும். ஒரு நாள் இரண்டு மணிநேர வேலை அப்படிப் போய், அக்கா காதில் விழும்படியாகவே அழுதேன்.

மறுநாளிலிருந்து அவர் முதலில் சுவரைத் தட்டுவார்.

"புள்ள, எழுதுனத பத்திரப்படுத்திட்டியா? கேத்தல போடப்போறேன்!"

"போடுங்கக்கா!"

தட்டினால் சேவ். தட்டாவிட்டாலும் பயத்தில் சேவ். போகப் போக ஒவ்வொரு வரிக்கும் என் விரல் தானாகவே சேவ் பண்ணத் தொடங்கியது.

முதல் தடவை என்னைக் கவிழ்த்தது அந்த விரல்தான். கொழும்பில் நடந்த பரீட்சையில் நான்கு ரவுட்டர்கள். மூன்றாவது பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. நெட்வொர்க் வழியாகத்தான் அதற்குள் போக முடியும். அதற்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். பட்டியலில் என்னையே சேர்க்க மறந்து, வழக்கம்போலச் சேவும் பண்ணிவிட்டு வெளியே வந்தேன். திரும்ப அந்த ரவுட்டருக்குள் போகப் பார்த்தால் எனக்கே கதவு சாத்தியிருந்தது. மேற்பார்வையாளர் அதன் கரண்டை நிறுத்தி மறுபடி போட்டுக் கொடுத்தார். சேவ் பண்ணியிருந்ததால் என் தவற்றை அது அட்சரம் பிசகாமல் நினைவில் வைத்திருந்தது. ஃபெயில்.

இரண்டாம் தடவை ஹட்டனில் ரயில் ஏறும்போதே முடிவு செய்துகொண்டேன்: சோதித்துப் பார்க்காமல் எதையும் சேவ் பண்ணுவதில்லை. சொல்வது சுலபம். பரீட்சை அறையில் ஒவ்வொரு வரிக்கும் விரல் துடித்தது. மதியத்துக்குள் மற்ற வேலைகளை எல்லாம் முடித்து, சோதித்து, சேவ் பண்ணிவிட்டேன். மிச்சம் மூன்றாவது ரவுட்டரின் பட்டியல் மட்டும். சேவ் பண்ணத் துடித்த இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, ஒரு கையால் எழுதினேன். கடைசி வரியைத் தட்டியதும் திரை அப்படியே உறைந்தது.

இந்த முறை என்னைச் சேர்த்திருந்தேன்தான். ஆனால் என் கணினியின் முகவரியில் ஒரு இலக்கம் பிழை; மறுபடியும் எனக்கே கதவு சாத்திவிட்டது. கழுதை, கழுதை என்று என்னையே திட்டினேன். அப்போதுதான் உறைத்தது: இந்தப் பட்டியலை நான் இன்னும் சேவ் பண்ணவில்லை.

கையை உயர்த்தினேன். மேற்பார்வையாளரிடம் சிங்களத்தில் கேட்டேன்: "மூன்றாவதின் கரண்டை நிறுத்திப் போடுங்கள்."

பயிற்சிக் காலம் முழுக்க நான் சபித்த கரண்ட் வெட்டை என் வாயாலேயே கேட்டேன். அலுமாரிக்குள் பச்சை விளக்குகள் அணைந்தன. சில நிமிடங்கள் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. மூன்றாவது ரவுட்டர் விழித்து, அக்கம்பக்கத்து ரவுட்டர்களைத் தேடி, அவையும் இதை அடையாளம் கண்டு, வழிகளை மறுபடி பரிமாறிக்கொள்வதை என் திரையில் வரிவரியாகப் பார்த்தேன். காலையில் எழுதியது அத்தனையும் இருந்தது. பிழை மட்டும் இல்லை. நேரம் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பு என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

பட்டியலைத் திருத்தி எழுதி, திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து ரவுட்டருக்குள் போய்ப் பார்த்து, அதற்குப் பிறகே சேவ் பண்ணினேன்.

முடிவு அன்றைக்கே வந்தது. அம்மாவின் போன் எடுபடவில்லை. பக்கத்து வீட்டுக்கு அடித்தேன்.

"அக்கா, பாஸ்!"

"அடியாத்தி! நடுவுல கரண்ட் ஏதும் போகலியே?"

"போச்சுக்கா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அவருக்கு அது விளங்கவில்லை.

"என்னமோ போ புள்ள," என்றார். "நான் காலையிலருந்து கேத்தலே போடல. வெறகு அடுப்புலதான் தண்ணி வச்சேன். நீ கொழும்புலதான் இருக்கன்னு தெரியும்... இருந்தாலும் மனசு கேக்கல."