அட்டை இல்லாத வழிகாட்டி

மதுரையில் விடிவதற்கு முன்பே பேருந்து ஏறி, காலை எட்டு மணிக்குக் காரைக்குடியில் இறங்கினேன். சொந்த ஊர் நாகர்கோவில். தபால் அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தூணையும் தரையையும் பற்றி எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன். தூண் பார்க்கும் ஆசையில் இதைப் படிக்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெரிந்த விடுதிக்காரர் ஒருவர் காரும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்திருந்தார். நாள் வாடகை 2,800 ரூபாய், வழிகாட்டிக்கு ஆயிரம். கார் ஓட்டி வந்தவர் கருப்பையா. நாற்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் கழுத்துக் கயிறோடு மடித்து வைத்த ஓர் அடையாள அட்டை.

"வாங்கம்மா. ராத்திரி தூங்குனீகளா? காபி குடிச்சிட்டுப் போவமா, இல்ல நேரா போயிருவமா?"

வழிகாட்டிப் பெண் தர்ஷினி, கண்ணாடி போட்ட ஒல்லியான பிள்ளை, இருபத்து நான்கு வயது. ஒக்கூரிலிருந்து முதல் பேருந்தில் வந்து எனக்காகக் காத்திருந்தாள். "மேடம், சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் ஒக்கூர் திரும்பணும். அது மட்டும் பாத்துக்குங்க" என்றாள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதரை மணிக்குக் கானாடுகாத்தான். காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். முதலில் பார்த்த வீட்டுக்கு நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் புழக்கடை. நடுவே நடந்தே கால் வலிக்கிறது. தர்ஷினி நன்றாகச் சொன்னாள். பாடப் புத்தகம் ஒப்பிப்பதில்லை. எங்களோடு ஒட்டிக்கொண்ட பிரெஞ்சுத் தம்பதிக்கு ஆங்கிலத்திலும் எனக்குத் தமிழிலும் மாறி மாறிச் சொன்னாள். "இந்த வீட்டுக்குப் பங்காளிக நிறையப் பேரு மேடம். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அத்தனை பேரும் சம்மதிக்கணும். அதான் இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒரு காலண்டர்கூடத் தொங்கல." நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிரெஞ்சுக்காரருக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது அவரும் சிரித்தார்.

வாசலில் காவல்காரர் இருமினார். சாதாரண இருமல்தான். ஆனால் தர்ஷினி பேச்சைப் பாதியில் நிறுத்தி, என் கையிலிருந்த கேமராவை வாங்கி, மேல்கூரையைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஊர் பார்க்க வந்தவளைப் போல வாயைப் பிளந்து நின்றாள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பேர் வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்து, காவல்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் கேமரா என் கைக்கு வந்துவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. காசு கொடுத்து அமர்த்திய ஆள் எதற்கு ஒளிய வேண்டும்? முற்றத்து ஓரத்தில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். அவள் மழுப்பவில்லை.

"எங்கிட்ட வழிகாட்டி அட்டை இல்ல மேடம். இந்த வீடுகளுக்குள்ள அட்டை உள்ளவங்கதான் ஆள் கூட்டிட்டு வரலாம்னு வச்சிருக்காங்க. அதச் சோதிக்கத்தான் அந்த ரெண்டு அதிகாரிகளும் சுத்துறாங்க. அட்டை வாங்கணும்னா இந்தியக் குடியுரிமை வேணும். நான் ஒக்கூர் முகாம்."

இலங்கைத் தமிழர் முகாம். அப்பாவும் அம்மாவும் படகில் வந்தவர்கள். இவள் பிறந்தது சிவகங்கை அரசு ஆஸ்பத்திரியில். பள்ளிக்கூடம் இங்கே, ஆங்கில இலக்கியம் படித்த கல்லூரி இங்கே, வாங்கிய பட்டமும் இங்கே. கடலை இராமேஸ்வரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. சட்டத்தின் கணக்கில் வெளிநாட்டவள். ஆள் இருப்பதைக் காட்ட முகாமில் கையெழுத்துப் போட வேண்டிய நாள் இன்று. ஆறு மணிக் கெடு அதற்குத்தான்.

"வேற வேலை இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எங்க அண்ணன் இஞ்சினியரிங் முடிச்சிருக்கான் மேடம். பெயிண்ட் அடிக்கிறான். முகாம்ல முக்கால்வாசி ஆம்பளைங்க பெயிண்ட்தான். பொம்பளைங்களுக்குக் களை எடுப்பு, ஜவுளிக்கடை. நான் ஜவுளிக்கடையில ஒரு வருஷம் நின்னேன். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் உக்கார விடமாட்டாங்க. இதுதான் நான் படிச்ச படிப்ப வாயத் திறந்து பேசுற ஒரே வேலை. இது போச்சுன்னா திரும்பவும் அங்கதான் போய் நிக்கணும்."

பதினொன்றரை மணிக்குச் சாலையோரக் கடையில் டீ. பன்னிரண்டு ரூபாய். தர்ஷினி அம்மாவுடன் பேசச் சற்றுத் தள்ளிப் போய்விட்டாள். "ஓமம்மா, வந்திடுவன்" என்று காதில் விழுந்தது. வீட்டில் ஒரு பேச்சு, எங்களிடம் ஒரு பேச்சு. கருப்பையா அவளையே பார்த்துக்கொண்டு டீயை ஆற்றினார்.

"அந்தப் பிள்ள கேமராவத் தூக்கிக்கிட்டு நின்னுச்சா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சவூதியில பண்ணதுதாம்மா அது."

ரியாத்தில் செல்போன் கடையில் பத்து வருஷம் இருந்திருக்கிறார். உடைந்த கண்ணாடி மாற்றுவது, விற்பது, எல்லாம். ஒரு நாள் சட்டம் வந்தது. செல்போன் கடையில் இனி அந்த நாட்டுக்காரர்தான் நிற்கலாம், வெளிநாட்டான் கூடாது. முதலாளிக்கு இவரை விட மனசில்லை. பின்னறையில் உட்கார்த்தி வேலை வாங்கினார். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் இவர் முன்னால் வந்து, கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு, விலை கேட்கிற வாடிக்கையாளராக நிற்பார்.

"கடையில ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும். அந்தக் கடையிலேயே நின்னு, 'இது எம்புட்டுப்பா'ன்னு கேக்கணும். பயத்தக்கூடத் தாங்கிக்கலாம்மா, அந்த வெக்கத்தத் தாங்க முடியல. கடைசியில மாட்டுனேன். பிளேன் ஏத்தி அனுப்பிச்சுட்டாக."

"அநியாயம்தான்" என்றேன்.

"அநியாயமா? அப்பிடித்தான் நானும் கத்துனேன். அவுக பிள்ளைக வேலை இல்லாமத் திரிஞ்சா அவுக என்ன செய்வாக?" என்றவர், பையிலிருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். வழிகாட்டி அட்டை. வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறதாம். "பரீட்சை எழுதி வாங்குனது. ஆனா விடுதிக்காரவுக எல்லாம் அந்தப் பிள்ளையத்தான் கூப்பிடுறாக. இங்கிலீசு நல்லா வருதுல்ல. நான் வண்டிய மட்டும் ஓட்டுறேன். எனக்கும் ரெண்டு பிள்ளைக படிக்குதும்மா."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். எந்த நாடும் தன் பிள்ளைக்கு முதல் சோறு போடுவதில் தப்பில்லை, பத்து வருஷம் அங்கே உழைத்தவனைக் கொஞ்சம் மரியாதையாக அனுப்பியிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் தன் மண்ணில் பிறந்து தன் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையை அந்நியப் பிள்ளை என்று ஒதுக்கி வைப்பதற்கு எந்த நியாயத்தைச் சொல்வது? கருப்பையாவிடம் இதைக் கேட்டிருப்பேன். அதற்குள் தர்ஷினி வந்துவிட்டாள்.

சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆத்தங்குடி போய்ச் சேர இரண்டு மணி. இங்கே பார்த்த வீட்டுக்கு நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய். தர்ஷினி கூடத்துக் கண்ணாடிகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். பெல்ஜியத்துக் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு, பர்மாத் தேக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் இடம் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வாய் துடித்தாலும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

இந்த முறை யாரும் இருமவில்லை. காலையில் கண்ட அதே இருவர் பின்கட்டு வழியாக வந்தார்கள். தர்ஷினி கேமராவை வாங்கி நிமிர்வதற்குள், அவர்களில் பெரியவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"காலையில கானாடுகாத்தான்லயும் பாத்தேனே. யாரும்மா நீங்க?"

"பாக்க வந்தோம் சார்."

"என் தங்கச்சி மகள்" என்றேன் நான். பொய் என் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்த வாய்.

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். நம்பவில்லை. வெளியே நிற்கும் வெள்ளைக் கார் யாருடையது என்று கேட்டு, கருப்பையாவை உள்ளே வரச் சொன்னார். கருப்பையா செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். அட்டை இப்போது பையில் இல்லை, கழுத்தில் தொங்கியது.

"அண்ணே, நீங்க அட்டை வச்சிருக்கவரு. பொய் சொன்னீங்கன்னா அது போயிரும். இந்தப் பொண்ணு யாரு? இவங்க கூட வந்த பார்ட்டியா?"

கருப்பையா தர்ஷினியைப் பார்த்தார். அவள் என் கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஒரு சொல் போதும், 'ஆமா' என்று. நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இல்ல சார்" என்றார். "இது ஒக்கூர் முகாம் பிள்ள. வழிகாட்டியா வந்துருக்கு."

அடிபட்டவனுக்குத்தான் வலி தெரியும் என்பார்கள். தெரியும்தான். தெரிந்தவன் கை ஓங்க மாட்டான் என்று யாரும் சொல்லவில்லையே.

பெரியவர் கத்தவில்லை. பெயரைக் குறித்துக்கொண்டார். எல்லா வீட்டுக் காவல்காரர்களுக்கும் அவள் படம் போய்விடும், இனி எங்கும் உள்ளே விடமாட்டார்கள், முகாம் அலுவலகத்துக்கும் தகவல் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். "நான் சட்டம் போடல தாயி" என்று சேர்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பாதியில போக வேண்டாம்மா. அண்ணன் அட்டை வச்சிருக்காரு, அவரே சுத்திக் காட்டுவாரு" என்றார்.

தர்ஷினி கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே போயிருக்க வேண்டும். அதிகாரி நின்றுகொண்டிருந்ததால் நானும் நின்றுவிட்டேன். கருப்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் நின்ற இடத்தில் வந்து நின்றார்.

"இந்த வீட்டுக்குப் பங்காளிக நிறையப் பேரும்மா. ஒரு ஆணி அடிக்கணும்னாலும்..."

அவளோடு மாதக்கணக்கில் வண்டி ஓட்டி, வாசலில் நின்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது. "போதும், வண்டிய எடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அவள் காருக்கு வெளியே வெயிலில் நின்றாள். ஆறு மணிக்குள் ஒக்கூர் போய்ச் சேர ஆத்தங்குடியிலிருந்து அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. கருப்பையா கதவைத் திறந்து, "ஏறும்மா, நான் கொண்டுபோய் விடுறேன்" என்றார். வேறு வழியில்லாமல் ஏறினாள். காட்டிக் கொடுத்தவரின் வண்டியிலேயே கையெழுத்துப் போடப் போக வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சொல்ல ஏதாவது வார்த்தை கிடைத்திருக்கும்.

நான்கு மணிக்கு ஒக்கூர். முகாம் வாசலில் ஆயிரம் ரூபாயை நீட்டினேன். "பாதி நாள்தான் பாத்தேன் மேடம்" என்று ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தாள். என்ன சொல்லியும் வாங்கவில்லை. கருப்பையாவின் பக்கம் திரும்பி, "வரேன்ணே" என்றாள். உள்ளே வரிசையாக ஓட்டு வீடுகள், ஒரு குழாயடி, கையெழுத்துக்கு நிற்கிற கூட்டம். அதில் போய்க் கடைசி ஆளாக நின்றாள்.

மதுரைப் பேருந்து பிடிக்கச் சிவகங்கைக்குப் போகும் சாலையில் கருப்பையாவே பேச்சை எடுத்தார்.

"அங்க என்னையக் காட்டிக் குடுத்தது அரபிக்காரன் இல்லம்மா. எங்கூட ஒரே அறையில படுத்துக் கெடந்தவன். நம்ம பக்கத்து ஆளு. அதிகாரி கேட்டாக, என்னையப் பாத்துக் கைய நீட்டிட்டான். இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் அவனுக்குச் சாபம் விட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"இனிமேல்?"

கியரை மாற்றிவிட்டுச் சொன்னார். "அவனுக்கும் ரெண்டு பிள்ளைக."

சிவகங்கைப் பேருந்து நிலையத்தில் மதுரைப் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. வாடகையைக் கொடுத்தேன். எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். "அடுத்த தடவ வந்தீகன்னா என்னையக் கூப்பிடுங்கம்மா. வண்டியும் நானே, சுத்திக் காட்டுறதும் நானே பாத்துக்கிறேன்." என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். முகத்தில் அடித்த மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. தலையை ஆட்டினேன். மறுபடி வந்தால் அவரைப் போல அட்டை உள்ளவரைத்தான் கூப்பிட்டாக வேண்டும். தர்ஷினியைக் கூப்பிடச் சட்டம் விடாது.