ப்ரோப் நழுவவில்லை

1

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக பயோமெடிக்கல் டெக்னீஷியனாக இருக்கிறேன். மானிட்டர், வார்மர், பம்ப் எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். பிறந்த குழந்தைகளின் ஐ.சி.யூ.விலிருந்து மலையாளம் கலந்த தமிழில் வருவது பெரும்பாலும் ஒரே புகார்.

"சாரே, நாலாம் நம்பர் மானிட்டர் சும்மா சும்மா அடிக்குது. ஒண்ணு வந்து பாருங்க, கேட்டோ."

நான் போவதற்குள், இறங்கியிருந்த ஆக்சிஜன் அளவு பழையபடி ஏறியிருக்கும். குழந்தையின் கையில் சுற்றியிருக்கும், ஆக்சிஜனை அளக்கும் ப்ரோபை எடுத்து மறுபடி சுற்றுவேன். 'ப்ரோப் நழுவியது. சரி செய்யப்பட்டது' என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

2

இந்த வருடம் என் மகள் அதே ஐ.சி.யூ.வுக்கு வந்தாள். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்துவிட்டாள். எனக்கு நாற்பத்தாறு வயது, முதல் குழந்தை. மனைவி சாவித்திரி சிசேரியன் முடிந்து மாடி வார்டில் படுத்திருந்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவே படியேறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

தினமும் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். முதல் நாள் குத்தியவர் ஜெயராணி சிஸ்டர், போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவர். குழந்தை அழவில்லை. புருவம் நெரிந்தது, கண் இறுகியது, வாய் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"பாத்தீங்களா அண்ணா, தங்கமான பிள்ள. ஒரு சத்தமில்ல."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது மானிட்டர் அடித்தது. தொண்ணூற்று நாலில் இருந்த ஆக்சிஜன் எண்பத்தொன்றுக்கு இறங்கியது. என் கை தானாக ப்ரோபுக்குப் போனது.

"லீவுலயும் ப்ரோப்பை விடமாட்டீங்களா?" என்று ஜெயராணி சிரித்தார்.

ப்ரோப் நழுவவில்லை. அது வலது கையில் இருந்தது; குத்தியது இடது காலில். கை அசையவே இல்லை. திரையில் நாடித்துடிப்பைக் காட்டும் அலை சீராக ஓடியது. அலை சீராக இருந்தால் எண்ணை நம்பலாம் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தருவதே நான்தான். வேறு ஒயரில் வரும் இதயத் துடிப்பும் நூற்றைம்பதிலிருந்து நூற்றுத் தொண்ணூறைத் தொட்டிருந்தது.

மாடியில் சாவித்திரி கேட்டாள்: "அழுதாளா?"

"இல்ல."

"அப்போ வலிக்கலையா?"

மானிட்டர் அடித்ததைச் சொன்னேன்.

"உங்க மிஷின்தானே? அதைக் கேட்டுச் சொல்லுங்கோ."

3

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். "வலி உண்டு. அழறதுக்குத்தான் தெம்பு இல்ல. முகத்தைப் பாருங்க," என்றார். வலி குறைய உதவும் என்று சாவித்திரியின் பால் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். குத்தும்போது நானே குழந்தையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்.

நாக்கில் சில சொட்டுப் பால் விட்டு இரண்டு நிமிடம் காத்திருந்தோம். ஒரு கையைத் தலையில் வைத்தேன். மறு கையால் காலை மடக்கி வயிற்றோடு அணைத்தேன். என் உள்ளங்கைக்குள் அவள் அடங்கிவிட்டாள்.

"அண்ணா, உங்க கால எதுக்கு இழுத்துக்கிறீங்க? நான் குத்தப்போறது அவளை, உங்கள இல்ல."

குத்தினார். நான் திரையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். புருவம் நெரிந்து, உடனே விரிந்தது. அலாரம் அடிக்கவில்லை.

பால் உதவியதா, என் கையா, ஜெயராணி அன்று நிதானமாகக் குத்தியதா, தெரியவில்லை. அடுத்த நாள் அதே மாதிரிதான் பிடித்தேன். ஆக்சிஜன் எண்பத்து நாலுக்கு இறங்கிவிட்டது. ஏன் என்று இன்னும் புரியவில்லை.

4

மகள் இப்போது கரமனையில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். பசித்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுகிறாள். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பழைய ரிப்போர்ட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. சிலவற்றில் ப்ரோப் உண்மையாகவே நழுவியிருக்கும். எவற்றில் என்று பிரித்தறிய வழியில்லை. எல்லாவற்றிலும் ஒரே வரி, ஒரே கையெழுத்து.

நேற்று மறுபடி ஒரு புகார், இரண்டாம் நம்பர் படுக்கை. அலை சீராக இருந்தது. குழந்தையின் குதிகாலில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எப்போ குத்தினீங்க சிஸ்டர்?"

"அலாரம் அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அதுக்கும் மானிட்டருக்கும் என்ன சாரே?"

புதிதாக வருகிறவர்களுக்கு இனி இதையும் சொல்வேன்: ப்ரோபைத் தொடுமுன், அந்த நேரத்தில் குழந்தைக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் அதற்குத் தனி இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்: 'மானிட்டரில் பழுது இல்லை. குழந்தைக்கு வலித்திருக்கிறது.'