கிராக்கியா, கிராக்கா?

கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். அதுவரை எனக்குத் தமிழ் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். வந்த மூன்றாம் நாளே அந்த நினைப்புப் போயிற்று. கீரைக்காரி வாசலில் கூடையை இறக்கி, "இன்னா வோணும்மா? மொளக்கீரை கீது, அரைக்கீரை கீது" என்றாள். கீது என்பதும் ஒரு கீரை போலிருக்கிறது, எங்கள் ஊரில் விளையாத கீரை என்று நினைத்து, "கீதே ஒரு கட்டு கொடு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்ப் போர்ஷன் மாமி எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு தெரியாத வார்த்தை எது காதில் விழுந்தாலும் வெளியாட்களைக் கேட்பதில்லை. மனசில் வைத்திருந்து, இவர் ஆபீசிலிருந்து வந்து காபி குடிக்கும்போது கேட்பேன். இவர் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவார். அப்படிக் கேட்ட ஒரு கேள்வியால்தான் அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாம் குழம்பியது.

வீட்டில் எங்களோடு இவருடைய அக்காவும் இருந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். அவளுடைய புருஷன் ரங்கூனில் ஒரு மரக்கடையில் நல்ல வேலையில் இருந்தார். அவரோடு ஏழு வருஷம் அங்கே குடித்தனம் செய்துவிட்டு, ஒரு நாள் ஒரு டிரங்குப் பெட்டியும் எண்ணெய் தடவிய பர்மாக் காகிதக் குடையுமாகத் தனியாகக் கப்பலேறி வந்துவிட்டாளாம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது, மாதம் ஒரு முறை ரங்கூனிலிருந்து கடிதமும் வந்தது. இங்கே வந்து படித்துப் பரீட்சை எழுதி, திருவல்லிக்கேணியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் டீச்சரானாள்.

அவளை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவே இல்லை. மடிசாரும் கட்டுவாள், காலில் ஆண்பிள்ளைகள் போடும் கான்வாஸ் ஜோடும் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கடற்கரைக்குப் போய் வலை உலர்த்துகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று அவர்களைக் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள். வழியில் நிலக்கடலை வாங்கித் தெருவிலேயே தின்றுகொண்டு வருவாள். எதிர்ப் போர்ஷன் மாமி அவளைப் பித்துக்குளி என்பாள். "தப்பா ஒண்ணும் சொல்லலேடி. பித்தம் தலைக்கு ஏறிடுத்து, அதான் பித்துக்குளி. சுக்குக் கஷாயம் குடிச்சா எறங்கிடும்" என்று என்னிடம் விளக்கமும் சொன்னாள். அதைக் கேட்டு ஒரு நாள் கஷாயம் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் குடித்துவிட்டு, "நன்னா இருக்கு, நாளைக்கும் போடு" என்றாள். பித்தம் இறங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

தினமும் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகவும் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடவும் ஒரு ஜட்கா வரும். வண்டிக்காரர் திருவல்லிக்கேணி சாயபு, நரைத்த தாடி. வண்டியில் ஏறுகிற பெண்கள் எல்லாரும் உள்ளே தள்ளி முகம் தெரியாமல் உட்காருவார்கள். அக்கா முன்பக்கம், ஏர்க்காலுக்குப் பக்கத்தில், குதிரையும் தெருவும் தெரிகிற மாதிரி உட்காருவாள்.

ஒரு நாள் அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, நம்ம கிராக்கி ரெடியா? டைம் ஆய்க்கினு கீதே!" என்றார்.

கிராக்கி. எங்கள் ஊரில் நான் கேட்காத வார்த்தை. சாயங்காலம் இவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏன்னா, கிராக்கின்னா என்ன?"

"யார் சொன்னா?"

"வண்டிக்காரர். அக்காவைச் சொன்னார்."

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கிராக்குன்னு சொன்னானா?"

கிராக்கி என்று சொன்னேனா, கிராக்கு என்று சொன்னேனா, இவர் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அது மாதிரிதான்" என்றேன்.

"இங்கிலீஷ் வார்த்தை அது. பானையில விரிசல் விட்டா கிராக். மனுஷாளைச் சொன்னா, மூளையில விரிசல்னு அர்த்தம்." இவருடைய முகம் சிவந்துவிட்டது. "ஒரு ஜட்காக்காரன், நம்மாத்து வாசல்ல நின்னுண்டு!"

மறுநாள் சாயங்காலம் அக்கா வண்டியிலிருந்து இறங்கி உள்ளே போனதும் இவர் தெருவுக்குப் போனார். நான் ஜன்னலருகே நின்றேன். இவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். வண்டிக்காரர்தான், "நான் இன்னா சார் சொல்லிட்டேன்? இன்னா சொல்லிட்டேன், அத்தச் சொல்லுங்களேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்று நின்றார். கடைசியில் வண்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு குதிரையைத் திருப்பினார்.

அடுத்த நாள் அக்கா குடையோடு வாசலில் அரை மணி நேரம் நின்றாள். பிறகு டிராமுக்கு நடந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். "உடம்பு சரியில்லையோ என்னவோ பாவம்" என்று அவள் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. இவர் ஆபீசுக்குப் போனதும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. பாடம் ஒப்பிக்கச் சொல்கிறவள் மாதிரி, "அவர் கி-ன்னு முடிச்சாரா, கு-ன்னு முடிச்சாரா?" என்றாள்.

"தெரியலேக்கா."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க யோசிக்க ரெண்டு மாதிரியும் கேக்கறது."

"அப்போ அவரையே கேட்டுடலாம். பொடவையை மாத்திண்டு வா."

டிராமுக்குப் போகிற வழியில் மளிகைக் கடையில் துவரம்பருப்புக்குச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நின்றோம். செட்டியார் கையை விரித்தார். "பருப்பு இப்போ ரொம்பக் கிராக்கிம்மா. அடுத்த வாரம் பாருங்க."

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கடைப்படியில் ஏறினாள். "செட்டியாரே, கிராக்கின்னா என்ன அர்த்தம்?"

கிண்டல் செய்கிறாளோ என்று அவர் முதலில் முறைத்தார். "கிராக்கின்னா கிராக்கிதாம்மா. வரத்துக் கம்மி, கேக்கிறவங்க ஜாஸ்தி."

"ஒரு மனுஷியைக் கிராக்கின்னு சொன்னா?"

செட்டியார் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். "மனுசங்களை எப்படிம்மா நிறுக்கிறது?" என்றார்.

டிராமில் உட்கார்ந்த பிறகு என் தலை சுற்றியது. விரிசல் விட்டது கிராக்கு, கிடைக்காதது கிராக்கியா? அப்படியானால் அந்தக் கிழவர் அக்காவைத் திட்டினாரா, கொண்டாடினாரா?

வண்டிக்காரர் வீடு பெரிய மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. விசாரித்துக்கொண்டு போனோம். வாசலில் குதிரை கொள்ளு தின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் கிழவர் எழுந்தார். ஆனால் எப்போதும் போல சலாம் வைக்கவில்லை. அவருடைய மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து பாயை எடுத்துப் போட்டாள்.

"என் தம்பி பேசினது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா அன்னிக்கு வாசல்ல இவகிட்ட நீங்க என்னை என்ன சொன்னேள்னு எனக்குத் தெரியணும்" என்றாள் அக்கா.

"கிராக்கின்னு சொன்னேன். அதுல இன்னாம்மா தப்பு? எங்க வூட்டுப் பேச்சுல காஹக்னு சொல்லுவாங்கோ, கிராஹக்னும் சொல்லுவாங்கோ. வண்டி ஸ்டாண்டுல அது கிராக்கின்னு ஆய்ப்போச்சு. சவாரி வர்ற ஆளும்மா, அவ்ளோதான். டாக்டரு வந்தாலும் கிராக்கி, ஜட்ஜு வந்தாலும் கிராக்கி. சார் இன்னாத்துக்குக் கோவிச்சிக்கினாரு, இன்னிவரிக்கும் எனுக்குப் புரியல."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். அக்கா எழுந்திருக்கவில்லை.

"அப்போ என்னைக் கிராக்குன்னு யாரும் சொல்றதில்லையா?"

கிழவர் குதிரையைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"பரவாயில்லை, சொல்லுங்கோ."

"ஸ்டாண்டுல பசங்க சொல்லுவாங்கம்மா. அந்தக் கிராக்குக் கிராக்கி உன்னுதுதானேம்பாங்க. நான் சொல்லமாட்டேன்." தாடியைத் தடவினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஒரே ஒரு தபா சொல்லிக்கீறேன்."

"எப்போ?"

"மழையில குதிரைக்கு நீங்க கொடை புடிச்சீங்களே, அன்னிக்கு."

"அது நனைஞ்சுண்டிருந்தது."

"குதிரைன்னா நனையும்மா."

அவருடைய மனைவி கதவுக்குப் பின்னால் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கிழவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் டீ கொண்டுவந்து வைத்தாள். அக்கா எடுத்துக் குடித்தாள். எங்கள் வீடுகளில் அப்படி வெளியிடத்தில் குடிப்பது என்பது கிடையாது. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடித்தால் குற்றமா, குடிக்காவிட்டால் குற்றமா என்று தெரியாமல் ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரே மூச்சில் குடித்தேன். நல்ல இனிப்பு.

திரும்பும்போது டிராம் வேண்டாம், கடற்கரை வழியாக நடக்கலாம் என்றாள் அக்கா. நல்ல வெயில். காற்று எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

"ரங்கூன்ல எனக்கு வேற ஒரு பேர் இருந்தது" என்றாள் திடீரென்று. "அவர் வச்சது. என்னன்னு கேக்காதே."

நின்று ஜோட்டுக்குள் போன மணலை உதறினாள்.

"கோபத்துல சொன்னா சண்டை போட்டிருப்பேன். பிரியமாத்தான் சொல்லுவார். சாப்பிட வான்னு கூப்பிடறதுன்னாலும் அந்தப் பேர்தான். ஆத்துக்கு வரவா போறவா கிட்டயெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். அவாளும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சா. ஏழு வருஷம் கழிச்சு, நான் அதுதான்னு எனக்கே தோண ஆரம்பிச்சுது. அப்பத்தான் கப்பலுக்குச் சீட்டு வாங்கினேன்."

"அவர் கெட்டவரா அக்கா?"

"இல்லையே. ரொம்ப நல்லவர்." என்னையே திருப்பிக் கேட்டாள். "நான் பண்ணினது சரியா?"

என்னிடம் யாரும் அதுவரை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆமாம் என்று எப்படிச் சொல்வேன், நான் என் புருஷனோடு இருப்பவள். இல்லை என்று எப்படிச் சொல்வேன், அவள் என் பக்கத்தில் வெயிலில் நடந்துகொண்டிருக்கிறாள். "தெரியலேக்கா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதிலே போதும் என்பது போல இருந்தது.

அன்று சாயங்காலம் நடந்ததை அவளே இவரிடம் சொன்னாள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் மாத்திச் சொல்றான். அது கிராக்கேதான். ஆபீஸ் டிக்ஷனரியில காட்டறேன் பார்" என்றார். திங்கட்கிழமை நிஜமாகவே அந்தக் கனமான புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

அக்கா பொறுமையாகப் படித்தாள். பிறகு, "இந்த வார்த்தை இருக்குங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லைடா. ஆனா அவர் சொன்னது கிராக்கி. உனக்கு ஏன் அது கிராக்குன்னு கேட்டுது?" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். "இவதான் அப்படிச் சொன்னா."

"அவளுக்கு அந்த வார்த்தையே தெரியாதே."

இவர் புத்தகத்தை மூடினார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்கு யார்மேல் இரக்கப்படுவது என்று தெரியவில்லை. அக்காமேல் இவருக்கு உயிர். அவள் ஜோட்டில் மண் ஒட்டியிருந்தால் இவரே தட்டி வைப்பார். ஆனாலும் ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அவளை உள்ளே இருக்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டுவார். அந்த இரண்டையும் நான் பார்த்திருந்தேன்.

வண்டிக்காரர் திரும்பி வந்தார். ஆனால் காலையில் வர முடியாது, வேறு சவாரி ஒத்துக்கொண்டாயிற்று, சாயங்காலம் மட்டும் வருகிறேன் என்றார். அதன் பிறகு எங்கள் வாசலில் நின்று அவர் 'டீச்சரம்மா' என்றுதான் சொன்னார். அந்த மரியாதை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "பழையபடியே சொல்லுங்களேன்" என்று கேட்டும் பார்த்தாள். "வாணாம்மா, சாரு காதுல வேற மாதிரி வுழும்" என்றுவிட்டார்.

அடுத்த கோடை விடுமுறை முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டாள். கூட வேலை பார்த்த இன்னொரு டீச்சரோடு சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை எடுத்தாள். சண்டை எதுவும் இல்லை. டிராமில் போய்வருவது அலைச்சலாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். அது நிஜக் காரணமா என்று நான் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இவர் வருவதற்கு ஆறு மாதமாயிற்று. ஒரு நாள் தானாகவே ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "நானும் வரேன்" என்றார். அங்கே போய் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மாம்பலத்தில் புதிதாகப் போடுகிற தெருக்களைப் பற்றிப் பேசினார்கள். ஏரியைத் தூர்த்த அந்த இடத்தில் வீடு கட்டினால் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று இவர் கேட்டார். அக்கா ஒரு காகிதத்தில் படம் போட்டு, எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று காட்டினாள். இவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். வேறு எதையும் அவர்கள் பேசவில்லை. கிளம்பும்போது அந்தக் காகிதத்தை இவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மூணாவது படி ஆடும், பாத்து எறங்கு" என்று அக்கா மேலேயிருந்து சொன்னாள். இவர் பார்த்து இறங்கினார்.