சோத்துக்கை வாக்குகள்

போன ஞாயிற்றுக்கிழமை பாரிசின் லா சப்பல் தமிழ்க்கடையொன்றில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. எங்கள் ஊர் ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழு. 'புதிய தலைவர் தெரிவு. ஆதரவு தருபவர்கள் பெருவிரலைப் போடவும்.' போட்டியாளர் ஒரே ஒருவர், நான்தான். பக்கத்து உணவகத்திலிருந்து ஆட்டிறைச்சிக் கறி வாசம் வந்தது. அந்த வாசத்துக்கும் தலைவர் பதவிக்கும் என் வாழ்க்கையில் பழைய பகை.

எங்கள் ஊரைப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு குளம், இரண்டு கோயில், நாலு குறுகிய ஒழுங்கை. அங்கிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்த நாற்பது குடும்பத்துக்கு ஒரு ஒன்றியம், ஒரு தலைவர், தலைவரைப் பிடிக்காத இருபது குடும்பம். வருடம் ஒருமுறை, ஆவணியில், சென் தெனிக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒன்றுகூடல். பிள்ளைகளுக்குச் சாக்கோட்டம், பெரியவர்களுக்குத் தேர்தல். அவர்கள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பார்கள், நாங்கள் தமிழில்.

2011இல் நான் தலைவர் பதவிக்கு நின்றேன். உணவகத்தில் கோப்பை கழுவுவதிலிருந்து சமையலுக்கு உயர்ந்திருந்த காலம். தலையும் கொஞ்சம் வீங்கியிருந்தது. எதிரே நின்றவர் மளிகைக்கடையில் வேலை செய்த தவராசா அண்ணை. பல வருடத் தலைவர். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாக்கெடுப்புக்கு முதல் வாரமே ஊரிலிருந்த அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, "இந்த முறை நான்தான் தலைவர்" என்று சொல்லிவிட்டேன். அப்பா அன்று பின்னேரமே அதை வாசிகசாலையில் அறிவித்துவிட்டார். மூன்று தரம் ஓ.எல். சோதனை எடுத்தும் தேறாத என்னைப் பற்றி அவர் அங்கே சொன்ன முதல் நல்ல செய்தி அது. தோற்றால் எனக்கல்ல, அவருக்குத்தான் அங்கே முகம் காட்ட முடியாது.

அதனால் ஒரு முழுக் கிடாயைக் கறியாக்கிக் கொண்டுபோனேன். "சாப்பிடேக்கை வாக்கெடுப்பம்" என்று செயலாளரையும் சம்மதிக்க வைத்தேன். என் கறியை வாயில் வைத்துக்கொண்டு எனக்கு எதிராக யார் கை தூக்குவார்கள்? நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால் தவராசா அண்ணையின் ஆட்கள் மச்சம் மாமிசம் தொடாமல் இருந்தார்கள். அவர்களுடைய மரக்கறிச் சாப்பாட்டை ஏற்றிவந்த வானோ வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அவர்கள் மரத்தடியில் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

செயலாளர் என் பெயரைச் சொல்லி, "விரும்புற ஆக்கள் கையைத் தூக்குங்கோ!" என்றார்.

வலது கையை எங்கள் பக்கத்தில் சோத்துக்கை என்பார்கள். என் ஆதரவாளர்கள் அத்தனை பேரின் சோத்துக்கையும் மணிக்கட்டுவரை என் குழம்புக்குள் இருந்தது. சிலர் இடக்கையைத் தூக்கினார்கள். "இடக்கையாலை ஆரும் தலைவரைத் தெரிவு செய்யிறதோ? மரியாதையில்லை!" என்று அதட்டியவர் என் சொந்தச் சித்தப்பா. தூக்கிய கைகளும் இறங்கின. மனைவியைப் பார்த்தேன். அவளும் கை தூக்கவில்லை.

"நீயுமா?"

"இஞ்சாருங்கோ, கையிலை அகப்பையெல்லே இருக்கு! எல்லாருக்கும் ரெண்டாந்தரம் போடச் சொன்னது நீங்கள்தானே."

எனக்கு நாலு வாக்கு. அதில் ஒன்று பதற்றத்தில் சாப்பிடாமல் நின்ற என்னுடையது. அடுத்துத் தவராசா அண்ணையின் பெயரைச் சொன்னதும் மரத்தடியில் பதினெட்டுக் கைகள் உயர்ந்தன. எல்லாம் காய்ந்த, சுத்தமான, பசித்த கைகள்.

கறி காய்ச்சிய பெரிய கிடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தவராசா அண்ணை பக்கத்தில் வந்து குந்தினார். அழுகை வரும்போல இருந்தது. "அண்ணை, அப்பாட்டைச் சொல்லிப்போட்டன்" என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஓம், ஓம், எழும்பு" என்றார்.

மார்கழியில் அவர் ஊருக்குப் போனார். எங்கள் வீட்டு ஒழுங்கையால் போகாமல் இருக்கவேண்டுமே என்று நான் நேர்ந்த தேங்காய்கள் கொஞ்சமல்ல. ஒருநாள் அப்பா தொலைபேசி எடுத்தார்.

"தவராசன் வந்தவன். 'உங்கடை மகன், எங்கடை தலைவர் தந்துவிட்டது' எண்டு எனக்கு ஒரு சால்வை போர்த்தினவன். வாசிகசாலையிலை வைச்சு, எல்லாருக்கும் முன்னாலை."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த ஆவணியில் மரக்கறிச் சாப்பாட்டை நானே சமைத்தேன். தவராசா அண்ணைக்கு முதலில் உயர்ந்ததும் என் சோத்துக்கைதான்.

கொரோனாவோடு ஒன்றுகூடல் நின்றது. குடும்பங்கள் வில்லியே லே பெல், ஆர்ஜொந்தெய், லண்டன் என்று சிதறிப் போயின. அப்பா காலமாகிவிட்டார். இந்த மாசியில் தவராசா அண்ணையும் போனார். அவருடைய இடத்துக்குத்தான் இந்தத் தெரிவு.

நேற்று முடிவு வந்தது. பதினொரு பெருவிரல்கள், எதிர்ப்பு இல்லை. அப்பாவின் இலக்கம் இன்னும் கைபேசியில் இருக்கிறது. அவர் இருந்திருந்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. அவருக்கு நான் 2011இலேயே தலைவர்.