வண்டிக்குப் பின்னால் காசியம்மாள்

காசியம்மாள் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போனாள் என்று தெருவெல்லாம் பேச்சு. ஓடினாளா? யார் பார்த்தது? நடந்துதான் போனாள். பட்டப்பகலில், தலையை வாரி முடிந்துகொண்டு, கையில் பையோடு போனாள். ஓடிப்போகிறவள் எவளாவது பாலுக்கு உறை ஊற்றி மூடி வைத்துவிட்டு ஓடுவாளா? புருஷன் அப்பாசாமிக்கு மாமல்லபுரத்துப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள், அது பொறுக்காமல்தான் இவள் போனாள் என்று எதிர்வீட்டுப் பார்வதம் குழாயடியில் சொல்லியிருக்கிறாள். அந்த ஒருத்தி யார், எந்தத் தெரு என்று கேட்டால் பார்வதத்துக்குச் சொல்லத் தெரியாது. தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஒருத்தி ஒரு டப்பா. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு டப்பா.

திருவிடந்தையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற அந்தச் சந்தில் அப்பாசாமியின் அம்பாசடர் நுழைந்துவிட்டால் பக்கத்தில் ஒரு கோழி போக முடியாது. ஒரு பக்கம் பார்வதம் வீட்டு மதில், மறு பக்கம் சாக்கடை. காலையில் சவாரிக்கு நேராகக் கிளம்ப வேண்டும் என்பதற்காக அப்பாசாமி சாயங்காலம் வண்டியைப் பின்பக்கமாகவே உள்ளே கொண்டுவருவார். ஹாரன் சத்தம் கேட்டதும் காசியம்மாள் அடுப்பில் எது கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு வெளியே வருவாள். முந்தானையை இடுப்பில் செருகுவாள். டிக்கிக்கு நேரே நின்று ஆரம்பிப்பாள்.

“வா. வா. வா. லெப்டு ஒடி. லெப்டுயா! சோறு துன்ற கைப்பக்கமா ஒடிக்கிற? ஆங், வுடு வுடு. சாக்கடய பாரு. போதும். போதுங்கறேன்ல!”

அந்தக் குரல் சாலையில் மீன் கூடையோடு போகிறவர்கள் வரைக்கும் கேட்கும். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அப்பாசாமி கெட்டவர் இல்லை. குடி இல்லை, கை நீட்டுகிற பழக்கம் இல்லை. ஆனால் காசியம்மாள் சொல்லி அவர் ஒரு காரியம் செய்தார் என்று சரித்திரம் கிடையாது. ஓடு மாற்றச் சொன்னாள், மாற்றவில்லை. மகளைச் செங்கல்பட்டில் கொடுக்கலாம் என்றாள், அரக்கோணத்தில் கொடுத்தார். ‘ரசத்துல புளி கம்மி’ என்று அவளே ஒத்துக்கொண்டால்கூட ‘யாரு சொன்னா? சரியாத்தான் கீது’ என்பார். அப்படிப்பட்ட மனுஷன் அந்தச் சந்துக்குள் மட்டும் ஒடி என்றால் ஒடிப்பார், நில் என்றால் நிற்பார். பொழுது விடிந்து அடைவதற்குள் அவள் பேச்சை அவர் கேட்கிற நேரம் அது ஒன்றுதான். அதற்காக அவள் நாள் முழுக்கக் காத்திருப்பாள் என்று சொன்னால் அடிக்க வருவாள். ஆனாலும் காத்திருப்பாள்.

அப்பாசாமிக்குக் கழுத்துப் பிடிப்பு வந்ததிலிருந்து சங்கடம் ஆரம்பித்தது. பின்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அணுபுரத்து ராகவன் சாரின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்குப் போனவர், வண்டியைத் திருப்பும்போது வாசலில் இருந்த பெரிய பூந்தொட்டியை உடைத்துவிட்டார். ராகவன் சார்தான் சொன்னார், இப்போது பழைய வண்டிக்கும் பின்னால் சென்சார் போட்டுத் தருகிறார்கள், ஏதாவது குறுக்கே இருந்தால் சத்தம் போடும், போட்டுக்கொள்ளுங்கள் என்று.

“அங்க நான் இல்ல. அதான் தொட்டி ஒடஞ்சிது” என்றாள் காசியம்மாள்.

“உன்ன டிக்கில வெச்சிகினா சவாரி போவ முடியும்?” என்றார் அப்பாசாமி.

சிங்கப்பெருமாள் கோயிலில் ஜெபக்குமார் கடைக்கு வண்டி போனபோது அவளும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெண் பார்க்கப் போவதுபோல எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். ஜெபக்குமார் கடை முக்கால்வாசி தெருவில்தான் நடக்கும். அவன் பம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“இப்ப வர்ற வண்டிங்கள்லாம் பிளாஸ்டிக்கு அண்ணாத்த. வெண்ணெய் மாரி எறங்கும். இது இரும்பு, தொள போடற பிட்டு அழுவும்.”

அழுதது. துளைப்பான் கீச்சென்று கத்த, இரும்புத் தூள் சுருள் சுருளாக உதிர்ந்தது. அவள் தினமும் கை வைத்து நிறுத்துகிற இடம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். துளைகளில் ரப்பர் வளையம் வைத்து, பொத்தான் போன்ற நாலு கண்களை அழுத்திச் செருகினான். ஒவ்வொன்றிலும் மேல்பக்கம் எது என்று ஒரு குறி இருந்தது. தலைகீழாக வைத்தால் தரையைப் பார்த்துக் கத்துமாம். ஒயர்களை டிக்கிக்குள் இழுத்து, சத்தம் போடுகிற கறுப்பு டப்பாவை ஓரத்தில் ஒட்டி, பின்கியர் போட்டால் எரிகிற விளக்கிலிருந்து மின்சாரம் கொடுக்கப் போனால், அந்த விளக்கே செத்து வருஷக்கணக்காகியிருந்தது. அதற்கு உயிர் கொடுப்பதற்குள் மதியமாகிவிட்டது.

“தம்பி, பின்னாடி ஆளு நின்னா இதுக்குத் தெரியுமா?”

“கத்தும்க்கா.”

“யாரு நிக்கிறாங்கன்னு தெரியுமா?”

“அதெப்படிக்கா தெரியும்? மாடு நின்னாலும் அதே கத்துதான்.”

“கேட்டியாயா?” என்று புருஷன் பக்கம் திரும்பினாள். “மாடும் நானும் அதுக்கு ஒண்ணாம்.”

அப்பாசாமி கேட்கவில்லை. அவர் பின்கியர் போட்டு, டப்பாவின் முதல் குரலைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தலை சாய்ப்புதான் அவளைச் சுட்டது. அன்று சாயங்காலம் லேசாகத் தூறல். ஹாரன் அடிக்காமல் வண்டி உள்ளே வந்தது. காசியம்மாள் கரண்டியோடு ஓடிவந்து நின்றால், “நீ உள்ள போமே, நனையாத. அது பாத்துக்கும்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதை யார் இல்லை என்றது? ஆனால் அவர் டக், டக், டக் என்கிற சத்தத்துக்கு ஏற்றபடி அங்குலம் அங்குலமாக வருவதையும், அது நீளமாகக் கத்தியதும் பவ்யமாக நிறுத்துவதையும், நிறுத்திவிட்டுச் சிரிப்பதையும் வாசற்படியில் நின்று பார்த்தவளுக்கல்லவா தெரியும். இத்தனை வருஷம் கத்திய தொண்டைக்கு ஒரு நாள் அந்தச் சிரிப்பு கிடைத்ததா?

அதன் பிறகு அவர் வாயில் அதே புராணம். டீக்கடையில், கோயில் வாசலில், கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்ள மாலையோடு வருகிற சவாரிக்காரர்களிடம்கூட. “திட்டாது, கொள்ளாது. அளந்து பேசுது” என்பார். காசியம்மாள் டப்பாவை ‘அவ’ என்று சொல்ல ஆரம்பித்தாள். “அவளையே கேளு சோறு எங்கன்னு” என்பாள். “அவ இன்னிக்கு இன்னா சொன்னா?” என்பாள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பார்வதத்துக்கு இது போதாதா?

கொஞ்ச நாளில் டப்பாவுக்குப் பைத்தியம் பிடித்தது. பின்னால் யாரும் இல்லை, எதுவும் இல்லை. பின்கியர் போட்ட மாத்திரத்தில் ஒப்பாரி வைத்தது. அப்பாசாமி ஜெபக்குமாரிடம் கொண்டுபோனார். அவன் கடல் காற்று, உப்பு படிந்திருக்கும் என்று பிரஷ் போட்டுத் துடைத்து அனுப்பினான். மறுபடியும் ஒப்பாரி. மறுபடியும் கொண்டுபோனார். அவன் ஒயரை மாற்றினான். அப்போதும் நிற்கவில்லை. டப்பாவையே மாற்றலாம் என்று பம்பருக்குக் கீழே தலையைக் கொடுத்தபோதுதான் ஏதோ ஒன்று அவன் கன்னத்தில் தட்டியது. கறுப்புக் கயிற்றில் ஒரு பழைய ரப்பர் செருப்பு.

அவனைக் குற்றம் சொல்லக் கூடாது. இந்தப் பக்கம் லாரிக்குப் பின்னாலும் வேனுக்குப் பின்னாலும் திருஷ்டிக்காகப் பிய்ந்த செருப்பு தொங்கும். பார்த்துப் பார்த்துப் பழகினவர்களுக்குக் கண்ணில் படாது. டப்பாவுக்குப் பட்டுவிட்டது. காற்றில் ஆடி ஆடி அந்தச் செருப்பு ஒரு பொத்தானுக்கு எதிரே வந்து நின்றிருக்கிறது. அதுவும் ஆள் வந்துவிட்டது என்று கத்தியிருக்கிறது.

அப்பாசாமி செருப்பை அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்கு வந்து அவள் முன்னால் போட்டார்.

“வேணும்னே கட்டினியா?”

“கண்ணு படக்கூடாதுன்னு கட்டினேன். ஊர்ல கட்டலயா?”

“தகர டப்பா வண்டி. இத்த பாத்து எவன் கண்ணு வெக்கப் போறான்?”

காசியம்மாள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். “எவன் கண்ணும் இல்ல. என் கண்ணுதான். தெனம் அவள பாத்து வயிறெரியறது நானு. ஏதாச்சும் ஆயிட்டா வண்டியில இருக்கறது நீ. அதுக்குத்தான் கட்டினேன். போறுமா?”

இப்படி ஒரு பேச்சை ஒருத்தி புருஷனிடம் வாய்விட்டுச் சொல்வது சாமானியமா? தன் பொறாமை தன் புருஷனைத் தொடக் கூடாது என்று தன் காலில் கிடந்ததையே அவிழ்த்துக் கட்டியவள் அவள். அப்பாசாமி அவளையே பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதோடு விட்டிருந்தாலும் அவள் பொறுத்திருப்பாள். மறுநாள் காலை டாக்ஸி ஸ்டாண்டில் போய்ச் சொன்னார். டிரைவர்கள் சிரித்தார்கள். ஒருவன் வழியில் அவளைப் பார்த்து, “இன்னா அண்ணி, சக்களத்தி சௌக்கியமா?” என்றான். பார்வதம் வீட்டு வாசலில் வைத்துக் கேட்டான்.

காசியம்மாள் நேராக வீட்டுக்குப் போனாள். சோற்றை வடித்தாள், பாலுக்கு உறை ஊற்றினாள், பையில் சேலைகளை வைத்தாள்.

அப்பாசாமி மதியச் சாப்பாட்டுக்காக அவசரமாக வந்து வண்டியை நேர்முகமாகவே சந்துக்குள் விட்டிருந்தார். அவர் இறங்குவதற்குள் காசியம்மாள் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“எங்க அண்ணன் வூட்டுக்கு. சதுரங்கப்பட்டினம். வண்டிய எடு, வழி வுடு.”

“இன்னாமே, வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு...”

“வழி வுடுன்னேன்.”

வேறு வழி? பின்கியர் போட்டார். டப்பா பேச ஆரம்பித்தது. வண்டி பின்னால் நகர நகர, காசியம்மாள் பானெட்டுக்கு முன்னால் பையோடு நடந்து வந்தாள். அவர் முகத்துக்கு நேரே வந்தாள். அவர் அவளைப் பார்ப்பதா, டப்பாவைக் கேட்பதா என்று தெரியாமல் மதிலில் ஒரு தரம் உரசினார். பார்வதம் மாடிப்படியில் ஏறி நின்றுகொண்டாள். இதைத்தான் பெண்டாட்டி புருஷனை விரட்டினாள் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சந்து முடிகிற இடத்தில் டப்பா வாயை மூடிக்கொண்டது. பம்பருக்குப் பின்னால் இப்போது மதில்கூட இல்லை, அதனால் அதற்குச் சொல்லவும் எதுவும் இல்லை. ஆனால் அங்கேதான் கடற்கரைச் சாலை. பாண்டிச்சேரி பஸ் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிற சாலை. அப்பாசாமி பிரேக்கை மிதித்தார். கழுத்தைத் திருப்பப் பார்த்தார், வலித்தது. சந்தின் வாய் மட்டும் கொஞ்சம் அகலம்; காசியம்மாள் வண்டியை ஒட்டி ஒருக்களித்து வெளியே வந்து, சாலையோரத்தில் பையை வைத்துவிட்டு நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

வண்டி உறுமிக்கொண்டே நின்றது. அவர் கண்ணாடியை இறக்கினார். தலையை வெளியே நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லித்தான் அவர் கேட்டிருக்கிறார். அவராக அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“காசி, வரலாமா?”

காசியம்மாள் கையைத் தூக்கினாள், நில் என்று. பஸ் ஒன்று போயிற்று. இறால் வண்டி ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு சாலை கோவளம் வரைக்கும் வெறுமையாக, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. அப்பாசாமி தலையை நீட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தூக்கிய கையை இறக்கவில்லை.