மூன்று பிடி விட்டுக்கொடுத்த ஆட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில், பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், சித்திரை வருசப் பிறப்புக்கு ஓமி என்ற சீட்டாட்டத்தில் ஜோடிப் போட்டி வைத்தார்கள். பெண்கள் பேர் கொடுத்தது நாங்கள் இரண்டு பேர்தான். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். என் ஜோடி அடுத்த லய வீட்டு வரிசைக்காரி. எட்டாம் வகுப்போடு நின்று தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள். சீட்டைப் பிடித்தால் அவளுக்கு நிகர் யாருமில்லை.

இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரும் தோட்ட ஆஸ்பத்திரி ஐயாவும். அவர்களுக்கு ஒரு புள்ளி போதும், எங்களுக்கு இரண்டு வேண்டும். மற்ற இனங்களை வெட்டும் துரும்பு எதுவென்று சொன்னவர்களைத் தோற்கடித்தால் இரண்டு புள்ளி. பெரிய கிளாக்கர் இஸ்பேட்டைத் துரும்பாகச் சொன்னார்.

ஒரு சுற்றுச் சீட்டு ஒரு பிடி; எட்டுப் பிடியில் ஐந்து எடுத்தால் வெற்றி. கிளாக்கர் முதலில் ஓர் ஏஸை இறக்கினார். அவளிடம் அந்த இனம் இல்லை. துரும்பால் வெட்டாமல் உதவாத சீட்டொன்றைப் போட்டாள். இரண்டாவது பிடியிலும் அப்படியே. மூன்றாவதும் அவர்களுக்கே போனது.

"இவகிட்ட துரும்பே இல்லங்க," என்று ஆஸ்பத்திரி ஐயா சிரித்தார்.

கிளாக்கர் தைரியமாக முதலில் இறக்கிய இனத்திலேயே இன்னொரு பெரிய சீட்டை இறக்கினார். அவள் இஸ்பேட் எட்டை அதன்மேல் வைத்தாள். பிறகு ஏஸ். பிறகு ராஜா. அவள் கையில் மிச்சமிருந்தது அத்தனையும் துரும்பு. ஐந்து பிடியும் எங்களுக்கு.

கொழுந்துக்காரிகள் கூச்சலிட்டுக் கைதட்டினார்கள். கிளாக்கரின் முகம் சுருங்கிப்போனது.

"சாடை காட்டி ஆடுறாளுங்க! கண்ணால பேசிக்கிறாளுங்க!"

"யாருங்க சாடை காட்டினது? வெட்டாம விட்டேன், அவ்வளவுதாங்க. அது தப்பாங்க?" என்றாள் அவள்.

கிளாக்கர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் மெதுவாகியது.

"நீ படிச்ச புள்ள. நாளைக்கு ஆபீசுக்கு வரணுமில்ல, அந்தக் கடிதத்துக்கு? உண்மையச் சொல்லு. சாடை காட்டினாளா இல்லியா?"

ஆசிரியர் வேலைக்கு, நான் இந்தத் தோட்டத்தில் வசிக்கிறேன் என்ற அத்தாட்சிக் கடிதம் தேவைப்பட்டது. அதை எழுதுபவர் அவர். அவள்மேல் பழி விழாமலிருக்க, இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் தலையைக் குனிந்தேன்.

"பாத்தீங்களா?" என்றார் கிளாக்கர்.

பரிசு அவர்களுக்குப் போனது. அவள் சீட்டுக்கட்டை அடுக்கி மேசைமேல் வைத்தாள்.

"நீ பேசுவேன்னு பாத்தேன்டி," என்றாள்.

அடுத்த வாரம் கடிதம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. அவளைத் 'திருட்டு ஆட்டக்காரி' என்று தேயிலை மலையில் ஆண்கள் கேலி செய்ததாக அம்மா சொன்னாள். மாதக்கணக்கில் செய்தார்களாம். போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பல வருசம் கழித்துப் பண்டாரவளைச் சந்தையில் எதிரே வந்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. நான் அவள் தோளைத் தொட்டேன்.

"நல்லா இருக்கியா?"

ஒரு அடி விலகி நின்றாள். "இருக்கேங்க டீச்சர். நீங்க நல்லா இருக்கீங்களா?"

அன்றைக்கு நான் பயந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பஸ் போயிருங்க," என்று சொல்லி, மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.