முதலில் மன்னிப்பு

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்குப் படிப்பு ஆசை வந்தது. சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்லூரி; சனி, ஞாயிறுகளில் தொழிலாளர் உறவும் வேலைச் சட்டமும் சொல்லிக்கொடுத்தார்கள். "கையுறை ஃபேக்டரியில பெட்டி கட்டுறவளுக்கு லாயர் வேஷமா?" என்று அண்ணன் கிண்டலடித்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கு மட்டும் பேசாமல் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த அண்ணன் மனைவிக்குத்தான் என் படிப்பு முதலில் தேவைப்பட்டது. அண்ணியும் என் ஃபேக்டரிதான், மெஷின் பகுதி. ஓடிக்கொண்டிருந்த மெஷினை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார், கையுறைகள் சிக்கி வீணாகிவிட்டன என்று அவர்மேல் புகார். விசாரணை வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். நடந்தது வேறு. மெஷின் சிக்கியபோது அவசர மணி அடிக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட அண்ணி ஓடியிருக்கிறார். மணி கெட்டுப்போனதை முதல் நாளே சூப்பர்வைசரிடம் சொல்லியும் இருக்கிறார்.

"போயி ஒரு மாஃப் கேட்டுட்டா முடிஞ்சிருச்சி லா," என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரப்பர் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. மேலே இருப்பவர் முகம் கடுத்தால் முதலில் மாஃப், மன்னிப்பு. தப்பு செய்தோமா என்ற யோசனையெல்லாம் அப்புறம். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் கோபம் அதோடு அடங்கிவிடும். விசாரணை அறையில், குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று எழுதிக்கொள்வார்கள்.

விசாரணைக்குச் சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போகலாம். நான் வருகிறேன் என்றேன். பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. நான்தான் விசாரணைத் தலைவர். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

"ஏன் மெஷினை விட்டுட்டுப் போனீங்க?"

"மாஃப், என்சிக்..."

"அண்ணி!"

"ஐயோ, சாரி மா."

"இப்ப எனக்கு எதுக்கு சாரி?"

இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாங்கி வந்த மீ கோரெங் ஆறிப்போனது. மறுபடி கேட்டேன். மறுபடியும் மாஃப்தான் வந்தது. அன்றிரவு சிரிப்பெல்லாம் போய் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

விசாரணை அன்று தலைவர் புகாரை வாசித்துவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மலாயில் கேட்டார். நல்ல மனிதர், குரலில் கடுமையே இல்லை. அதுதான் வினை, கனிவாகப் பேசினால் அண்ணி இன்னும் உருகிவிடுவார். அவருடைய உதடுகள் 'மா' என்று சேர்வதைப் பார்த்தேன். மேசைக்கடியில் காலை மிதித்துவிடலாமா, அதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்று நான் குழம்புவதற்குள் அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டார்.

"திடாக், என்சிக்." இல்லை ஐயா என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு மணி கெட்டதையும் தான் ஓடியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சூப்பர்வைசரை அழைத்துக் கேட்டார்கள். அண்ணி தன்னிடம் சொன்னது உண்மைதான் என்று அவரும் தலையைக் குனிந்துகொண்டே ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டனுப்பினார். கேண்டீனில் இரண்டு தே தாரேக் டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அண்ணி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"வேலை இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம். "வேற என்னா சொன்னாரு?"

"தப்பு எங்க மேலதான், மாஃப்னு சொன்னாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"பரவால்லன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சி. சொல்லல."

"அப்புறம்?"

"அவரு இன்னொரு தடவ மாஃப் கேட்டாரு."